தலைமைக் காப்பாளர் சுருங்கிய விதம்

காப்பகத்தின் வாசல் வளைவில் ஆளுயர எழுத்துகளில் 'இங்கே எதுவும் அழிவதில்லை' என்று செதுக்கியிருந்தார்கள். நார்க்காரியின் அம்மாவை அவர்கள் அழித்தது அந்த வளைவுக்கு உட்புறம்தான்.

அம்மா என்றால் உயிரோடிருந்த அம்மா இல்லை. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வாழ்நாளெல்லாம் துணி வெளுத்துவிட்டு அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகியிருந்தது. அவருக்கு இரண்டு பெண்கள். இளையவள் காப்பகத்து வாசலில் நுழைவுச்சீட்டு கிழித்துக் கொடுப்பவள். மூத்தவள் சிற்பி. கல்லையும் வெண்கலத்தையும் ஏறெடுத்துப் பார்க்காத சிற்பி. சணல், வாழை நார், தேங்காய் நார், பஞ்சு, ஆட்டு ரோமம் என்று செடியும் விலங்கும் தருவதை முறுக்கி, முடிந்து, சுருட்டி, தைத்து உருவம் செய்பவள். அதனால் தெருவில் அவளுக்கு நார்க்காரி என்று பெயர். அவளும் அதைக் கௌரவமாகவே எடுத்துக்கொண்டு வாசல் பலகையில் எழுதி வைத்திருந்தாள்.

அம்மாவின் உருவத்தைச் செய்ய அவளுக்கு வருடக்கணக்காயிற்று. காலை நீட்டித் தரையில் உட்கார்ந்திருக்கும் அம்மா. முன்னறை முழுவதையும் அடைத்துக்கொண்டு, ஓர் ஆள் தாராளமாக ஏறி உட்காரும்படி மடி. குதிகால்கள் தேங்காய் நார், தொட்டால் உண்மையான வெடிப்பு போலவே சொரசொரக்கும். முன்கைகள் புடைத்த நரம்பாகச் சணல் கயிறு. வயிற்றுக்குள் அம்மாவின் பழைய தலையணைப் பஞ்சு. தலைமுடி, சாயம் ஏற்றாத சாம்பல் நிறக் கம்பளி. வேலை முடிந்த அன்று தங்கை வந்து பார்த்தாள். கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் போய் அந்த மடியில் படுத்துக்கொண்டாள். அவள் எழுந்தபோது அவளுக்குப் போட்டு வைத்த காப்பி ஆறி ஆடை கட்டியிருந்தது.

அந்தத் தங்கைதான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் காப்பகத்தில் போய்ச் சொன்னாள். தலைமைக் காப்பாளரே நேரில் வந்துவிட்டார். உயரமான மனிதர். உயரம் போதாதென்று முகவாயைத் தூக்கியே வைத்திருப்பார். அவருக்குப் பின்னால் வகைப்பாட்டு அதிகாரி, கையில் பேனாவோடு. தலைமைக் காப்பாளர் அம்மாவை ஒரு சுற்றுச் சுற்றினார். பக்கத்து வீட்டு அம்மாள் மடியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்ததைப் பார்த்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"எவ்வளவு பெரிய படைப்பு! இதை முதல்ல மக்கள்கிட்டேருந்து காப்பாத்தணும்மா" என்றார். "எங்ககிட்ட குடுத்துடுங்க. எங்க நிரந்தரத் தொகுப்புல ஒரு பொருள் வந்துட்டா, அதுக்கப்புறம் அதுக்கு எதுவுமே நடக்காது."

நார்க்காரிக்குப் பெருமை தாங்கவில்லை. கொடுத்துவிட்டாள்.

அம்மா உள்ளே போன மறுவாரம் காப்பகத்திலிருந்து ஆள் வந்தது. வகைப்படுத்துவதில் ஒரு சின்னச் சிக்கல், வந்து போகவும் என்றார்கள். அவள் போனபோது அம்மா கிடங்கின் நடுவில் உட்கார்ந்திருந்தாள். வகைப்பாட்டு அதிகாரி அம்மாவின் தோளை ஒரு விரலால் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அமுங்குது" என்றார், குற்றச்சாட்டு மாதிரி.

"ஆமா, அம்மாதானே" என்றாள் நார்க்காரி.

"சிற்பம்னா அமுங்கக்கூடாதும்மா. எங்களுக்கு ஒரு சோதனை இருக்கு. கால்ல விழுந்தா வலிக்கணும்." ஓர் ஊழியரைக் கூப்பிட்டுச் செருப்பைக் கழற்றச் சொன்னார். அம்மாவின் வலது கையை உயரத் தூக்கி ஊழியரின் பாதத்தின் மேல் விட்டார். "வலிக்குதா?"

ஊழியர் கொஞ்சம் யோசித்தார். "இல்லீங்க. நல்லாத்தான் இருக்கு."

"சிற்பம் அல்ல" என்று எழுதிக்கொண்டார் அதிகாரி.

மேலே உட்காரலாம் என்பதால் அம்மாவை மரச்சாமான் கூடத்துக்கு அனுப்பினார்கள். சாமான்களுக்கு நான்கு கால் வேண்டும், இதற்கு இரண்டே கால், அதுவும் நீட்டியிருக்கிறது என்று அந்தக் கூடம் திருப்பி அனுப்பியது. துணிக் கூடத்துக்கு அனுப்பினார்கள். துணி என்றால் மடிக்க வரவேண்டும் என்றது அந்தக் கூடம். நான்கு பேர் சேர்ந்து மடித்துப் பார்த்தார்கள். அம்மாவின் இடுப்புத் தையல் விட்டதே தவிர மடிப்பு விழவில்லை. நார்க்காரி ஒவ்வொரு முறையும் போய் விளக்கம் சொல்லி, கையெழுத்துப் போட்டு, குழம்பிப்போய்த் திரும்பினாள். பெரிய இடம், அவர்களுக்கென்று ஒரு முறை இருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

பிறகு கொஞ்ச நாள் சத்தமே இல்லை. ஒரு மத்தியானம் தங்கை வேலை நேரத்திலேயே ஓடிவந்தாள். மூச்சு வாங்கியது.

"அக்கா, அம்மாவைக் காணோம்க்கா."

போய்ப் பார்த்தார்கள். அம்மா இருந்த இடத்தில் வெறும் தரை. ஒரு பலகை மட்டும் நின்றது: 'அம்மா (பிரிக்கப்பட்டது)'. கீழே ஓர் அம்புக்குறி இடதுபக்கம் தாவரக் கூடத்தையும், இன்னொன்று வலதுபக்கம் விலங்குக் கூடத்தையும் காட்டியது.

தாவரக் கூடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அம்மாவின் நரம்புகளை முறுக்குப் பிரித்து, நீவி, நீளவாரியாக அடுக்கியிருந்தார்கள். குதிகால் ஒரு தட்டில் குவியலாகக் கிடந்தது. 'நார், பலவகை' என்று எழுதியிருந்தது. தலையணைப் பஞ்சு ஒரு ஜாடியில். விலங்குக் கூடத்தில் தலைமுடியைத் தேடினார்கள். கிடைக்கவில்லை. காவலாளி ஒருவர்தான் சொன்னார், மூலையில் பாடம் செய்து நிறுத்தியிருந்த செம்மறிக் கடா வயிறு தொய்ந்து போயிருந்ததாம், அதற்குள் வைத்துத் தைத்துவிட்டார்களாம். "இப்ப பாருங்க, எப்படி கிண்ணுன்னு நிக்குது" என்று கடாவைத் தட்டிக் காட்டினார் பாவம், நல்ல மனசோடு.

நார்க்காரி தலைமைக் காப்பாளரின் அறைக்குள் அனுமதி கேட்காமல் நுழைந்தாள். அவர் கோபப்படவில்லை. உட்காரச் சொன்னார்.

"நீங்க உணர்ச்சிவசப்படறீங்க. ஒரு நார் தொலைஞ்சிருக்கா? எடை போட்டுப் பாருங்க, வந்தப்ப இருந்த அதே எடை. முன்னால உங்கம்மா ஒரே ஒரு கூடத்துலதான் இருந்தாங்க. இப்ப ரெண்டு கூடத்துல இருக்காங்க. இதுக்குப் பேர்தான் வளர்ச்சி. எத்தனை பேரோட அம்மாவுக்கு இது கிடைக்கும்?"

"மறுபடி சேர்த்துக் குடுங்க. நானே எடுத்துட்டுப் போயிடறேன்."

"பிரிக்க விதி இருக்கும்மா. சேர்க்க விதி இல்லை." வாசல் வளைவு இருக்கும் திசையில் கையை நீட்டினார். "உள்ள வந்தது வெளிய போகவும் முடியாது. இங்க எதுவும் அழியறதில்லை இல்லையா?"

வீட்டுக்கு வந்து அக்காவும் தங்கையும் காலியான முன்னறையில் உட்கார்ந்தார்கள். தங்கை அழுதாள். நார்க்காரிக்கு அழுகை வரவில்லை. வேறு ஏதோ ஒன்று வந்தது. சோகம் என்றுதான் முதலில் நினைத்தாள். பசி மாதிரி வேகம் வந்த பிறகுதான் அது வன்மம் என்று புரிந்தது.

"நாளைக்கே வேலைய விட்டுடறேன்க்கா. அந்த மூஞ்சிங்கள இனிமே பார்க்க முடியாது. வாராவாரம் ஆவி அடிக்கிற கூத்தையும் பார்த்துத் தொலைக்கணும்."

"என்ன ஆவி?"

"உனக்குத் தெரியாதா? வாராவாரம் ஒரு பெரிய கூத்து. ஒவ்வொரு சிலைக்கும் கொதிக்கக் கொதிக்க ஆவி அடிச்சு, முரட்டு பிரஷ்ஷை வச்சு அழுத்தித் தேய்ப்பாங்க. கல்லோ மரமோ, எதையும் விடக்கூடாதாம். அந்தத் தலைமைக் காப்பாளரே எழுதின விதி. தேய்க்கும்போது பக்கத்துல நின்னு அதைப் படிச்சு வேற காட்டுவாரு." மூக்கைச் சிந்திக்கொண்டே தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அம்மா ஒரு தடவை பெரிய டாக்டரோட கம்பளி சுவெட்டரைக் கொதிக்கிற தண்ணியில போட்டுத் தேய்ச்சுட்டு முழிச்சாங்களே, ஞாபகம் இருக்கா? கையில எடுத்தா பூனைக்குட்டிக்குத் தச்ச சட்டை மாதிரி..."

பாதியில் நிறுத்தினாள். அக்கா அவளைப் பார்த்த பார்வை அப்படி.

"கம்பளிக்குச் சூடும் ஈரமும் தேய்ப்பும் பட்டுச்சுன்னா" என்றாள் நார்க்காரி நிதானமாக, "ஒரு மயிர் இன்னொரு மயிரைக் கட்டிப் பிடிச்சுக்கும். அப்புறம் எவன் வந்து இழுத்தாலும் விடாது." எழுந்து முகம் கழுவிக்கொண்டாள். "நீ வேலைய விடாத. எனக்கு அங்க ஒரு ஆள் வேணும்."

மறுநாள் அவள் தலைமைக் காப்பாளரிடம் போய் மன்னிப்புக் கேட்டாள். அறிவில்லாமல் பேசிவிட்டேன் என்றாள். பரிகாரமாக ஐயாவையே ஒரு முழு உருவமாகச் செய்து காப்பகத்து முன்கூடத்துக்குக் கொடுக்க ஆசை என்றாள்.

அவர் வேண்டாம் என்று மூன்று விதமாகச் சொல்லிவிட்டு, எந்தப் பக்கத்து முகம் எடுப்பாக இருக்கும் என்று கேட்டார்.

"முழுக்க முழுக்கக் கம்பளிங்க ஐயா. ஒரே பொருள். பின்னால பிரிக்க வேண்டிய சங்கடமே வராது."

வகைப்பாட்டு அதிகாரி தொண்டையைச் செருமினார். "அமுங்குமே?"

தலைமைக் காப்பாளர் அவரைத் திரும்பிப் பார்த்தார். அதிகாரிக்கு உடனே ஞானம் வந்தது. "ஐயாவோட உருவம்னா அது எந்தப் பொருள்ல இருந்தாலும் சிற்பம்தான்" என்று எழுதியே கொடுத்தார்.

"நிரந்தரத் தொகுப்புலதானே வைப்பீங்க?" என்று கேட்டாள் நார்க்காரி.

"பின்னே?"

"ஆவியும் விடாம அடிப்பீங்கல்ல? மெத்துன்னு இருக்கறதால அழுக்கு ஒட்டும். கல்லுக்குத் தேய்க்கிறதவிட அழுத்தித் தேய்க்கணும்."

தலைமைக் காப்பாளருக்குக் கண் கலங்கிவிட்டது. தன் விதியை இவ்வளவு ஆழமாக உணர்ந்துகொண்ட முதல் கலைஞர் நீங்கள்தான் என்றார்.

அவள் தன் ஆயுளிலேயே இவ்வளவு ஆசையாக எந்த வேலையையும் செய்ததில்லை. நல்ல ரோமமாகத் தேடிப் பொறுக்கினாள், சுருங்குவதில் முதல் தரமானது. தளர்வாகத் திணித்தாள். உள்ளே கம்பியோ கட்டையோ வைக்கவில்லை. நெஞ்சை நிஜத்தைவிட அகலமாக்கினாள், தோளை உயர்த்தினாள். முகத்துக்காக அவரை வீட்டுக்கு வரவழைத்து உட்கார வைத்தாள். அவர் காலத்தை வென்ற மனிதர்களைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். அவள் நீண்ட ஊசியைக் கம்பளி மூக்கில் குத்தினாள், கன்னத்தில் குத்தினாள், உதட்டைக் குத்திக் குத்தி ஒழுங்குபடுத்தினாள். குத்தும் ஒவ்வொரு முறையும் "சரியா இருக்குங்களா ஐயா?" என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள்.

அசப்பில் அவரேதான். அவருடைய பதவி நாற்காலியையே கேட்டு வாங்கி அதில் உருவத்தை உட்கார வைத்தாள், கைகள் இரண்டும் கைப்பிடியில், பாதங்கள் தரையில், முகவாய் மேலே. திறப்பு விழாவில் வகைப்பாட்டு அதிகாரி வழக்கமான சோதனையை நடத்தினார். செருப்பைத் தானே கழற்றினார். உருவத்தின் கம்பளிக் கையைத் தூக்கித் தன் பாதத்தில் விட்டார். பஞ்சு மாதிரி விழுந்தது. "ஐயோ!" என்று அலறிக் காலைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் குதித்தார். கூடம் அதிரக் கைதட்டினார்கள்.

முதல் ஆவி நாள் வந்தது. ஆவிக்காரர் குழாயைப் பிடித்தார், பிரஷ்ஷை எடுத்தார். தலைமைக் காப்பாளர் விதியைப் படித்தார். வித்தியாசம் யார் கண்ணிலும் படவில்லை. அன்று மாலை தங்கை மட்டும் வந்து, "தோள்பட்டை கொஞ்சம் இறங்கின மாதிரி இருக்குக்கா" என்றாள். நார்க்காரி அவளுக்குப் பிடித்ததைச் சமைத்துப் போட்டாள்.

அதற்கப்புறம் ஒவ்வொரு ஆவிக்கும் ஒன்று நடந்தது. உருவத்தின் குதிகால் தரையை விட்டது. கைகள் கைப்பிடியிலிருந்து நழுவி மடியில் விழுந்தன, வகுப்பறையில் தப்பு செய்துவிட்டு உட்கார்ந்திருப்பவரைப் போல. பிறகு பாதங்கள் அந்தரத்தில் தொங்கின. நிமிர்ந்திருந்த முகவாய் நெஞ்சுக்குள் இறங்கியது. கன்னங்கள் சுருங்கி மூக்கு மட்டும் துருத்திக்கொண்டு நிற்க, பக்கத்தில் ஏதோ கெட்டுப்போன வாடை அடிக்கிற முகபாவம் வந்துவிட்டது.

வகைப்பாட்டு அதிகாரி ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டார். "நிரந்தரத் தொகுப்பில் உள்ள பொருள் மாற்றமடைய இயலாது. ஆகவே உருவம் சுருங்கவில்லை. நாற்காலி வளர்ந்துள்ளது. மரம் வளரும் இயல்புடையது என்பது அனைவரும் அறிந்ததே." வளர்ந்த நாற்காலிக்குக் கண்டனம் தெரிவித்து அதைக் கிடங்குக்கு அனுப்பினார்கள். தச்சரை வைத்து அளவு பார்த்துச் சின்ன நாற்காலி செய்து போட்டார்கள். அடுத்த ஆவிக்கு அதுவும் வளர்ந்துவிட்டது. தச்சர் காப்பகத்திலேயே நிரந்தரமாகத் தங்கிவிட்டார்.

ஊர் திரண்டு வர ஆரம்பித்தது. இதுவரை காப்பகத்துப் பக்கமே எட்டிப் பார்க்காதவர்களெல்லாம் வரிசையில் நின்று, "குட்டித் தலைவர் எந்தப் பக்கம்மா?" என்று தங்கையிடம் கேட்டார்கள். அவள் கைகாட்டிக் கைகாட்டித் தோள் வலிக்கிறது என்று வீட்டில் வந்து தைலம் தேய்த்துக்கொண்டாள். உண்மை அளவு மக்களுக்குத் தெரியட்டும் என்று தலைமைக் காப்பாளரே ஒருநாள் உருவத்துக்குப் பக்கத்தில் போய் நின்றார். அது பெரிய தவறாகப் போயிற்று. இரண்டையும் மாறி மாறிப் பார்த்த ஓர் அம்மாள், "அப்பாவும் பிள்ளையுமா?" என்று அன்பாக விசாரித்துவிட்டுப் போனார்.

கடைசியில் அவர் நார்க்காரிக்கு ஆள் அனுப்பினார். அவள் போனாள், சாவகாசமாக, நல்ல புடவை கட்டிக்கொண்டு. பதவி நாற்காலி கிடங்கில் இருந்ததால் அவர் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"இது எப்பம்மா நிக்கும்?"

"ஆவிய நிறுத்தினா நின்னுடுங்க."

"விதியில தப்பு இருக்குன்னு நானே சொன்னாத்தான் அதை நிறுத்த முடியும். அந்த விதியை எழுதினதே நான்தான்."

"தெரியுங்க ஐயா."

"அப்ப வெளிய எடுத்துட்டுப் போயிடு."

"உள்ள வந்தது எப்படிங்க வெளிய போகும்?"

அவர் முக்காலியை அவள் பக்கம் நகர்த்திக்கொண்டார். "வேணும்னே செஞ்சியா?"

"ஆமாங்க" என்றாள் நார்க்காரி. எத்தனையோ நாளாகச் சொல்லக் காத்திருந்த வார்த்தை, வாய் இனித்தது. "சுவரைப் பார்த்துத் திட்டினா சுவருக்குக் கேக்காது. அதான் உங்க விதியையே விட்டுத் திட்ட வச்சேன்."

"பழையபடி பெருசாக்க ஏதாவது வழி..."

"எங்கம்மாவைப் பழையபடி ஆக்குங்க. நானும் உங்களுக்கு வழி யோசிக்கிறேன்."

அவர் வகைப்பாட்டு அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி தலையை ஆட்டினார். "சேர்க்க விதி இல்லீங்க ஐயா."

"அப்ப விரிக்கவும் வழி இல்லீங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

அடுத்த ஆவி நாளன்று நார்க்காரி முதல் ஆளாகப் போய் நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு முன்வரிசையில் நின்றாள். முன்கூடத்தில் நிற்க இடமில்லை. நடுவில் உள்ளங்கை அகல நாற்காலியில் கத்தரிக்காய் அளவுக்கு அவர் உட்கார்ந்திருந்தார், கல் மாதிரி இறுகி. உண்மையான தலைமைக் காப்பாளர் பக்கத்தில் நின்று விதியைப் படித்தார். படித்து முடித்ததும் ஆவிக்காரரின் காதருகே குனிந்தார். ரகசியமாகத்தான் சொன்னார், ஆனாலும் முன்வரிசைக்குக் கேட்டது.

"கொஞ்சம் மெதுவா தேய்ங்களேன்."

"எதுக்குண்ணே மெதுவா?" என்றாள் நார்க்காரி, கூடம் முழுக்கக் கேட்கும்படி. "விதியில அழுத்தித் தேய்க்கணும்னு இருக்கே."

ஆவிக்காரர் பிரஷ்ஷை ஓங்கிய கையோடு தலைமைக் காப்பாளரைப் பார்த்தார். கூட்டமும் பார்த்தது. வகைப்பாட்டு அதிகாரி பேனாவைத் திறந்து காத்திருந்தார். தலைமைக் காப்பாளரின் வாய் ஒருமுறை திறந்து மூடியது. ஒரே ஒரு வார்த்தை, தப்பு என்று சொன்னால் போதும். நார்க்காரி அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது எந்த மாதிரி வாய் என்று அவளுக்குத் தெரியும், ஊசியால் குத்திச் செய்தவள்.

"விதிப்படி" என்றார் அவர்.

ஆவி சீறிக்கொண்டு எழுந்தது. பிரஷ் அழுத்தித் தேய்த்தது. தலைமைக் காப்பாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். அதற்குள் இன்னும் கொஞ்சம் சின்னவராகியிருந்தார்.